தானாக அணைகிற நேரம்

லிந்துலை டவுனில் பைஸரின் போன் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் றோலண்டின் ஸ்டூடியோ. ஒரே ஒரு அறை. சுவரில் நீலத் துணி, அதன் முன்னால் ஒரு ஸ்டூல், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்களுக்காக ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. அந்தக் கோட்டுக்குள் ஒரு தரமாவது நுழையாத ஆம்பிளை சுற்றியிருக்கிற தோட்டங்களில் இல்லை. மேசையில் ஒரு பழைய லெப்டொப். ஒவ்வொரு நாளும் பின்னேரம் சரியாக ஐந்து மணிக்கு அது தானாக அணைந்துவிடும்.

அப்படி வைத்துக் கொடுத்தவர், றோலண்ட் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற பைஸர்தான். அட்டவணை போட்டுக் கரண்ட் வெட்டிய காலம் அது. லெப்டொப்பின் பெட்டரி எப்போதோ செத்துப் போயிருந்தது. வயரைப் பிடுங்கினால் அடுத்த நொடி இருட்டு. ஒரு கலியாண வீட்டு வீடியோ, தாலி கட்டுகிற இடம் வரைக்கும் வெட்டி ஒட்டி வைத்திருந்தது, அப்படி ஒரு நாள் கரண்டோடு போய்விட்டது. மாப்பிள்ளையின் அண்ணன் வந்து நின்று ஏசிய ஏச்சு கீழே கடைக்குக் கேட்டது. அவன் போன பிறகு பைஸர் மேலே ஏறி வந்தார்.

"நீங்க கெமராவ தூக்கிட்டு எங்க சரி போயிடுவீங்க. இது இங்க தன் பாட்டுக்கு ஓடிட்டுக் கெடக்கும். கரண்ட் வெட்ட முந்தி தானா மூடிக்கிற மாதிரி அஞ்சு மணிக்கு வெச்சுட்டேன், றோலண்ட். ஒரு நிமிஷத்துக்கு முந்தி திரைல நீலமா ஒரு பட்டி வரும். மூட வேணாம்னா நிப்பாட்டலாம். நிப்பாட்டாட்டி போயிரும்."

பிறகு கரண்ட் வெட்டு நின்றது. அந்த ஐந்து மணியை யாரும் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் வரவில்லை. கல்லுமலைத் தோட்டத்துக்குக் கடைசி பஸ் ஐந்து இருபதுக்கு. லெப்டொப் அணைந்ததும் றோலண்ட் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்குவான். கீழே பைஸர் கல்லாவில் இருந்தபடியே கேட்பார்.

"என்ன, கங்காணி லீவு குடுத்துட்டாரா?"

"குடுத்துட்டாரு நானா. காலைல பெரட்டுக்கு நேரத்தோட வரச் சொல்லியிருக்காரு."

பெரட்டில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற கங்காணியின் இடத்தில் இப்போது லெப்டொப். தினமும் இதே பேச்சுத்தான். இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை. தேயிலை மலையில் தண்ணீர்க் கான் வெட்டி, மருந்து அடித்து, கவ்வாத்துக் கத்தி பிடித்து, இருபத்தெட்டு வயதுக்குப் பிறகு கெமராவைத் தொட்டவன் றோலண்ட். வேலை முடிகிற நேரத்தை வேறொருவர் சொல்வது அவனுக்குப் பழக்கமான சங்கதி. அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

வைகாசி கடைசியில் மிலான் செத்துப் போனான்.

வரிசை வீடுகளான லயங்களில், றோலண்டின் லயத்துக்குக் கீழ் லயம். இருபத்தொரு வயது. கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு வெள்ளைச் சட்டையோடு படம் எடுத்தது றோலண்ட்தான். நுவரெலியாப் பக்கம் யாரோ ஒரு முதலாளியின் லீக்ஸ் மரக்கறித் தோட்டத்தில் கான் வெட்டப் போன இடத்தில் காய்ச்சல் பிடித்தது. சப்பாத்து இல்லாமல் முழங்கால் மட்டும் சேற்றில் நின்று செய்கிற வேலை. பனடோலை விழுங்கிவிட்டு இன்னும் மூன்று நாள் வேலைக்குப் போயிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது கண் மஞ்சளாகி, மூத்திரம் நின்றுவிட்டது. எலிக்காய்ச்சல் என்றார்கள். மூன்று நாள் முந்தி வந்திருந்தால் என்றார்கள். இப்படிச் சொல்வது அவர்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

தகப்பன் அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இன்னொரு குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டவன். தாய் மரியநாயகி குவைத்தில் வீட்டு வேலை. போய் ஒன்பது மாதம். அவளுடைய தங்கை டெல்சிதான் வீட்டையும் அவனையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு வீட்டுக்கு வந்த அன்று காலையிலேயே டெல்சி றோலண்டின் வாசலில் வந்து நின்றாள்.

"அக்காவ விட மாட்டாங்களாம்ண்ணே. ரெண்டு வருசம் முடியணுமாம். பாஸ்போட்டு அவங்ககிட்ட இருக்கு."

"தெரியும் தங்கச்சி."

"ஞாயித்துக்கெழம பகல் ரெண்டு மணில இருந்து ரெண்டரை வரைக்கும் போன் குடுக்குறேன்னு மேடம் சொல்லியிருக்காம். நம்ம நேரத்துக்கு நாலரைல இருந்து அஞ்சு மணி வரைக்கும். பொட்டிய மூடுற வரைக்கும் அக்கா பாக்கணும்ண்ணே. அது ஒண்ணுதான் கேக்குது. எப்படியாவது செஞ்சு குடுங்க."

"செஞ்சு தாறேன்" என்றான்.

செய்வது இலேசான காரியமில்லை. அந்த லயத்துக்குள் போனில் சிக்னல் பிடிக்காது. பேச வேண்டுமென்றால் மேலே கொழுந்து நிறுக்கிற மடுவத்தடிக்கு ஏறிப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை றோலண்ட் ஒரு நீளமான சவுக்குக் கம்பத்தை வெட்டி, அதன் நுனியில் ரவுட்டரைக் கட்டி, பொலித்தீனால் சுற்றி, லயத்துக் கூரைமேல் ஏற்றி நிறுத்தினான். தகரத்தில் வழுக்கி முழங்கை கிழிந்தது. கம்பத்தை இந்தப் பக்கம் திருப்பி அந்தப் பக்கம் திருப்பி, பதினொரு மணிபோலத்தான் நல்ல சிக்னல் பிடித்தது. டெல்சி வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு டிரங்குப் பெட்டி, அதன்மேல் லெப்டொப், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். பெட்டரி இல்லாதபடியால் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து வயர் இழுத்து, பிளக்கைப் பிளாஸ்டரால் சுற்றி ஒட்டினான். கெமராவிலிருந்து ஒரு வயர் லெப்டொப்புக்கு. கெமரா பார்ப்பதெல்லாம் குவைத்துக்குப் போகும்.

எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தான். மழையை நினைத்தான், வயரை யாராவது மிதிப்பதை நினைத்தான், டேட்டா தீர்ந்துபோவதை நினைத்து இரண்டு காட் போட்டான். ஐந்து மணியை மட்டும் நினைக்கவில்லை. அந்த லெப்டொப் பின்னேரம் ஐந்து மணிக்கு ஸ்டூடியோவை விட்டு வெளியே இருந்ததே இல்லை. கலியாணம் பகலோடு முடியும். சாவு வீட்டில் மூன்று மணிக்கெல்லாம் தூக்கிவிடுவார்கள்.

அன்றைக்கும் மூன்று மணிக்குத் தூக்க வேண்டும் என்றுதான் தோட்டத் தலைவர் முத்துலிங்கம் நின்றார்.

"மயானத்துக்கு எறக்கம், பாத்துக்குங்க. மழ வந்திச்சுன்னா தூக்குறவன் கால் நிக்காது. போன வருசம் சோலைமலை அப்பாவோட பொட்டி வழுக்கி விழுந்தது ஞாபகம் இல்லையா?"

"நாலரைக்கு அக்கா வரும்" என்றாள் டெல்சி. "வந்து பாத்ததுக்கப்புறம் மூடுங்க. அதுக்கு முந்தி மூடுறதுன்னா என்னையும் சேத்து உள்ள வச்சு மூடுங்க."

முத்துலிங்கம் தூக்குகிற ஆட்களிடம் போய், "டீ குடிங்கடா, நாலரை ஆகும்" என்று சொல்லிவிட்டு வந்தார். றோலண்ட் அவரைத்தான் லெப்டொப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

"தலைவரே, இத யாரும் தொடக் கூடாது. வயர மிதிக்கக் கூடாது. நான் படம் எடுக்கைக்குள்ள பின்னாலருந்து யாரும் என்னையக் கூப்புடவும் கூடாது. கெமரா ஆடிரும்."

"நீங்க போங்க. ஒரு ஈ வராது."

நாலு முப்பத்திரண்டுக்கு மரியநாயகியின் முகம் திரையில் வந்தது. ஏதோ ஒரு குளியலறை. பின்னால் வெள்ளை ஓடு. தலையில் கறுப்புத் துணி. பக்கத்து அறையில் மேடத்தின் பிள்ளை தூங்குகிறதாம். அதனால் அவள் சத்தம் போட்டு அழ முடியாது. வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். இங்கே இருந்த பெண்கள்தான் அவளுக்காகவும் சேர்த்துச் சத்தம் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவளே துணியை எடுத்துவிட்டு, மெல்லிய குரலில், வேலை சொல்கிற மாதிரிப் பேசத் தொடங்கினாள்.

"டெல்சி, ஏன் அந்தச் சட்ட? நான் அனுப்புன மெரூன் சட்ட எங்க?"

"பத்தலக்கா. ஒடம்பு ஊதிப் போச்சு."

"கையில செபமால இருக்கா?"

"இருக்குக்கா."

"கிட்டக் காட்டச் சொல்லு. றோலண்ட் அண்ணே, கிட்டக் காட்டுங்க. மொகத்த."

றோலண்ட் கெமராவைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டியடிக்குப் போனான். மஞ்சள் பாரித்த முகம். மீசை இப்போதுதான் ஒழுங்காக அரும்பியிருந்தது. மேலே ஒரு பல்பு தொங்கியது. அந்த வெளிச்சத்தில் அவன் நெற்றியை, கண்ணை, மூக்கு நுனியை ஒவ்வொன்றாகக் காட்டினான். ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. உபதேசியார் செபம் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு விலகினார்கள். தோட்டமே வரிசையில் நின்றது. அது நேரம் பிடித்தது.

"எல்லாரும் குடுக்கட்டும்" என்றாள் மரியநாயகி. "கடைசியா எம் பேர்ல நீ குடு டெல்சி. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். அதுக்கப்புறம் மூடச் சொல்லு."

கடைசி ஆளும் விலகினார். டெல்சி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். றோலண்ட் மூச்சை அடக்கிக்கொண்டு கெமராவை அவள் முகத்துக்கும் மிலான் முகத்துக்கும் நடுவில் நிறுத்தினான்.

"மெதுவா டெல்சி, அவனுக்கு நெத்தி—"

ஸ்பீக்கர் நின்றது.

டெல்சி முத்தம் வைத்தாள். நிறைய நேரம் வைத்தாள். நிமிர்ந்து, டிரங்குப் பெட்டி இருந்த பக்கம் பார்த்தாள்.

"பாத்தியாக்கா?"

டிரங்குப் பெட்டிப் பக்கம் ஒரு அடி வைத்தாள்.

"அக்கா? பாத்தியா?"

றோலண்ட் திரும்பினான். திரை கறுப்பாக இருந்தது. மணிக்கட்டைப் பார்க்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. கரண்டாலும் இல்லை, சிக்னலாலும் இல்லை, ஐந்து மணியால்தான் என்று அவனுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

"என்னாங்க, கரண்ட் போயிருச்சா?" என்று கேட்டார் முத்துலிங்கம்.

"ம்" என்றான் றோலண்ட்.

அவ்வளவுதான் சொன்னான். அவனாக வேறு எதையும் கட்டிச் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் மற்றவர்களே சொல்லிக்கொண்டார்கள். கரண்ட்காரனை ஏசினார்கள், அரசாங்கத்தை ஏசினார்கள், தோட்டத்துக்கு மட்டும் இப்படித்தான் என்று ஏசினார்கள். பெட்டிக்கு மேலே பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த அழுகையில் யாரும் அதை அண்ணாந்து பார்க்கவில்லை. றோலண்ட் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

லெப்டொப்பை மறுபடி போட்டான். பழைய யந்திரம், எழுந்து உட்கார ஒன்பது நிமிடம் எடுத்தது. அழைத்தான். போகவில்லை. ஒருவன் மடுவத்தடிக்கு ஓடிப் போய் அங்கிருந்து எடுத்துப் பார்த்தான். "ஓஃப் பண்ணி வச்சிருக்கு" என்று மூச்சிரைக்க வந்து சொன்னான். மழை தூறத் தொடங்கியது. ஐந்து இருபது வரைக்கும் டெல்சி மூட விடவில்லை. அதற்குப் பிறகு அவளே கையைக் காட்டினாள்.

அன்றிலிருந்து றோலண்ட் லெப்டொப்பைத் திறக்கவில்லை. கேட்டவர்களுக்கு ரிப்பேர் என்றான். ஐந்து மணிக்கு முந்தியே படியிறங்கி, பைஸர் வாயைத் திறப்பதற்குள் கடையைத் தாண்டிப் போனான். முத்துலிங்கம் மட்டும் ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "கரண்ட் போறதுக்குக் கொஞ்சம் முந்தி நீலக் கலர்ல இங்கிலீசுல என்னமோ வந்திச்சுங்க. ஒங்க கடை வெளம்பரம்னு நெனச்சேன். நீங்கதான் கூப்புடக் கூடாதுன்னுட்டீங்களே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். றோலண்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எட்டாம் நாள் நாலரை தாண்டி டெல்சி ஸ்டூடியோவுக்கு ஏறி வந்தாள். மலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும்; காலில் அட்டை கடித்த ரத்தம் காய்ந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா பேசுச்சுண்ணே. அதோட போன்ல இல்ல. பக்கத்து வீட்டுல வேல செய்யிற குருநாகல் புள்ளையோட போன்ல."

"அது போன் என்னாச்சு?"

"மேடம் புடுங்கி வச்சிக்கிட்டா. அன்னைக்கி ரெண்டரை வரைக்கும்தானே குடுத்திருந்தா? ரெண்டரைக்குச் சரியா நின்னுச்சாம். ஒரு நிமிசம் முந்தியும் இல்ல, பிந்தியும் இல்லயாம். மேடம்தான் வைபைய அமத்திட்டான்னு அக்கா வெளிய ஓடி வந்து கத்தியிருக்கு. எம் புள்ளையோட மொகத்த மூடுற நேரம் அமத்திட்டியேடின்னு தமிழ்லயே ஏசியிருக்கு. கையில இருந்த கோப்பையப் போட்டு ஒடச்சிருக்கு. அவ நான் அமத்தலன்னு சொன்னாளாம். யாரு நம்புவா? போனப் புடுங்கிட்டு, மூணு நாளு சமையலறையிலயே பூட்டி வச்சிருக்காண்ணே."

றோலண்ட் மேசையில் கிடந்த வயரை எடுத்துச் சுருட்டத் தொடங்கினான்.

"அக்கா கேட்டுச்சு, றோலண்ட் அண்ணே கெமராவுல மிச்சம் புடிபட்டிருக்குமான்னு. நான் முத்தம் குடுத்தது, மூடினது."

"இருக்கு" என்றான். "கெமராவுல தனியாப் பதிஞ்சிருக்கு."

"நான் ஒருக்கா பாக்கட்டா?"

லெப்டொப்பைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து வயரைச் செருகினான். அது எழும்பி வந்ததும் கெமராவின் மெமரி காட்டைப் போட்டுப் படத்தை ஓடவிட்டான். மிலானின் நெற்றி வந்தது. வரிசை வந்தது; அதை வேகமாக ஓட்டிவிட்டான். டெல்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். திரையின் மூலையில் நேரம் நாலு ஐம்பத்தாறு. நாலு ஐம்பத்தேழு.

அவன் இப்போது நினைத்தால் அந்த ஐந்து மணியை எடுத்துவிடலாம். எடுக்கத் தெரியும். எடுத்துவிட்டால் இந்தப் பெண் படத்தைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விடுவாள். குவைத்துக்காரி மேடம் குவைத்தில் இருப்பாள். கரண்டும் போனது போனதாகவே இருக்கும். யாருக்கும் எதுவும் தெரியாது. கையை மவுஸில் வைத்தான். எட்டு நாளாக வாய்க்கு வராத ஒன்று இனிமேலும் வாய்க்கு வராது என்று அவனுக்குத் தெரிந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

நாலு ஐம்பத்தொன்பதுக்கு நீலப் பட்டி வந்தது.

"இது என்னண்ணே?"

திரையில் டெல்சி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்துகொண்டிருந்தாள். சரியாக ஐந்து மணிக்குத் திரை கறுத்தது. விசிறிச் சத்தமும் நின்றது.

டெல்சி அவனைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். ஸ்டூடியோவின் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. கீழே பைஸரின் கடை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பத் திரும்ப லைட்டையும் லெப்டொப்பையும் பார்த்தாள்.

"அன்னைக்கி பொட்டிக்கு மேல பல்பு எரிஞ்சிச்சு" என்றாள். "நான் குனியுறப்ப மொகத்துல வெளிச்சம் விழுந்திச்சு. எனக்கு இப்பதான் ஞாபகம் வருது."

"அஞ்சு மணிக்கு வச்சது தங்கச்சி. கரண்ட் வெட்டுற காலத்துல வச்சது. எடுக்காம விட்டுட்டேன். வேணும்னு—"

"வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. "கூரைல ஏறி விழுந்து எந்திரிச்சு கட்டுனீங்க. அத நான் மறக்க மாட்டேன். ஆனா எட்டு நாளு, அண்ணே. எட்டு நாளு நம்ம லயத்துக்கு மேலதானே குடியிருக்கீங்க?"

அவன் தலையாட்டினான்.

"நான் சொல்ல மாட்டேன் அக்காகிட்ட. எனக்கு வாய் வராது. வெள்ளிக்கெழம நாலரைக்கு அந்தக் குருநாகல் புள்ள போன எடுத்து வச்சிருக்கும். மேடம் வீட்டுல எல்லாரும் வெளிய போற நேரம். நீங்களே சொல்லுங்க." ஒரு துண்டுக் கடதாசியில் நம்பரை எழுதி மேசையில் வைத்தாள். படியில் பாதி இறங்கியவள் நின்று, "பஸ் இருக்கா இன்னும்?" என்று கேட்டாள். "இருக்கு. இருபதுக்கு" என்றான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவன் பின்னால் நின்றான்.

வெள்ளிக்கிழமை காலையே றோலண்ட் அந்த ஐந்து மணியை எடுத்துவிட்டான். இரண்டு தரம் கிளிக் பண்ணுகிற வேலை. நாலரைக்கு ஸ்டூடியோக் கதவைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தான். முதலில் ஒரு சிங்களப் பிள்ளையின் குரல், "எயா மெதன இன்னவா", அவள் இங்கேதான் இருக்கிறாள், என்றது. பிறகு மரியநாயகி.

"சொல்லுங்கண்ணே. டெல்சி சொன்னுச்சு, நீங்க ஏதோ பேசணும்னீங்களாம்."

அவன் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை, வளைத்தால் நின்றுபோவோம் என்று பயம். லெப்டொப், ஐந்து மணி, நீலப் பட்டி, கரண்ட் என்று கேட்டதற்கு "ம்" என்றது, எல்லாவற்றையும் சொன்னான். கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப மேடம் அமத்தலையா?"

"இல்ல தங்கச்சி."

"அவ சொன்னா. திரும்பத் திரும்பச் சொன்னா. நான் நம்பல." மூச்சு விட்டாள். "அவ மூஞ்சியப் பாக்கைக்குள்ள எல்லாம் மனசுக்குள்ள ஏசிக்கிட்டே வேல செஞ்சேன்ண்ணே. பாத்ரூம் கழுவையில ஏசுவேன், துணி தேய்க்கையில ஏசுவேன். காலைல எந்திரிக்கிறதே அவள ஏசுறதுக்குத்தான்னு இருந்திச்சு. அந்தக் கோவத்துலதான் சோறு எறங்குச்சு. இனி நான் யார ஏசுறது?"

"என்னைய ஏசுங்க."

"ஒங்கள எப்படிண்ணே ஏசுறது? எம் புள்ளைக்குப் புதுநன்மைப் படம் புடிச்ச கை."

றோலண்ட், மிலான் எத்தனையோ தரம் உட்கார்ந்த அந்த ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அண்ணே, டெல்சி முத்தம் குடுத்தாளா?"

"குடுத்தா."

"நெத்தியிலயா?"

"நெத்தியில. நெறைய நேரம்."

"ம்." இந்தத் தரம் அந்தச் சொல் அந்தப் பக்கமிருந்து வந்தது. "படத்த அனுப்பாதீங்க."

"ஏன் தங்கச்சி? இப்பவே அனுப்புறேன். இந்த நம்பருக்கே—"

"வேணாம். இன்னொரு புள்ளையோட போன்ல எம் மகன் பொணம் இருக்கக் கூடாது. எம் போனு இனி எப்ப கெடைக்குமோ. கெடச்சாலும், இங்க குளியலறைல ஒளிஞ்சிருந்து அதப் பாக்க எனக்கு ஏலாது. நான் வந்து பாக்குறேன். நம்ம வீட்டுல ஒக்காந்து, சத்தம் போட்டு அழுதுக்கிட்டு பாக்குறேன். இன்னும் பதினஞ்சு மாசம் இருக்கு. அதுவரைக்கும் பத்தரமா வச்சிருப்பீங்களா?"

"வச்சிருக்கேன்."

"பழைய கம்பியூட்டருன்னு சொன்னீங்களே."

"மூணு எடத்துல வைக்கிறேன்."

"சரிண்ணே. இந்தப் புள்ள கூப்புடுது. நான் போயி..." கொஞ்சம் நின்றாள். "போயி மேடத்துக்கிட்ட என்னான்னு சொல்றதுன்னு தெரியல. நான் வச்சிடுறேன்."

அவளாகத்தான் வைத்தாள்.

றோலண்ட் கீழே போய்ப் பைஸரிடம் மூன்று பென் டிரைவ் வாங்கிக்கொண்டு மேலே வந்தான். படத்தை மூன்றிலும் ஏற்றினான். ஒவ்வொன்றாக ஓட்டி, முதலிலிருந்து கடைசிவரை சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். டெல்சி குனிந்தாள், நிமிர்ந்தாள், பாத்தியாக்கா என்று கேட்டாள். மூன்று தரமும் கேட்டாள். பிளாஸ்டரை வெட்டி ஒட்டி, மூன்றிலும் பேனாவால் மிலான் என்று எழுதினான். ஒன்றை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினான். ஒன்றைப் பையில் போட்டான். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான்.

"என்ன றோலண்ட், இன்னைக்கு இவ்வளவு பிந்தி?" பைஸர் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். "அஞ்சு மணிக்கு இறங்குற மனுசன். கங்காணி லீவு குடுக்கல்லியா?"

"அத எடுத்துட்டேன் நானா."

"எத?"

"அஞ்சு மணிய."

"அப்ப இனி யாரு ஒங்கள வீட்டுக்கு அனுப்புற?" என்று சிரித்தார். றோலண்டின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பைப் பாதியில் விட்டார்.

றோலண்ட் பென் டிரைவை நீட்டினான். "இத ஒங்க இரும்புப் பெட்டிக்குள்ள வைங்க. பதினஞ்சு மாசத்துக்கு."

பைஸர் வாங்கி, எழுதியிருந்த பேரை வாசித்தார். சாத்திய கதவை மறுபடி திறந்து உள்ளே போனார். பெட்டி திறந்து மூடுகிற சத்தம் வெளியே கேட்டது.

பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. தோட்டத்துக்கு நாலு மைல்கட்டை தூரம். பாதையில் மூடுபனி இறங்கியிருந்தது. றோலண்ட் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தான்.